தண்டனை விழுந்த நாளிலிருந்து 14 நாள்: மலையகக் குடும்பங்களுக்கு மேன்முறையீடு பற்றி

அக்காவின் மூத்த மகனுக்கு மேல் நீதிமன்றத்தில் தண்டனை விழுந்த அன்று எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுப்பே பற்றவில்லை. இரண்டு நாள் அழுகை, மூன்றாம் நாள் கோயிலில் நேர்த்தி, அப்புறம் உறவுக்காரர் வந்து போவது என்று நாள் ஓடியது. ஏழாம் நாள் சின்னவன் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, பயப்பட வேணாம், ஒரு வருஷம் டைம் இருக்காம், நெட்ல போட்டிருக்கு" என்றான். வாங்கிப் பார்த்தேன். அவன் படித்தது அமெரிக்காவின் பெடரல் சிறைக் கைதிகளுக்கு எழுதியது. அங்கே மேன்முறையீடெல்லாம் முடிந்து தீர்ப்பு இறுதியான பிறகும், தண்டனை கொடுத்த அதே நீதிமன்றத்திடமே திரும்பப் போய், என் அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டது, என் வக்கீல் ஒழுங்காக வாதாடவில்லை என்றெல்லாம் கேட்க 2255ஆம் பிரிவு என்று ஒரு வழி உண்டு. அதற்குத்தான் அந்த ஒரு வருடம், அதுவும் 1996இல் வந்த கெடு. வேடிக்கை என்னவென்றால் அங்கேயும் முதல் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள்தான், அதைச் சின்னவன் கவனிக்கவில்லை.

இலங்கையில் அந்த 2255 மாதிரி இரண்டாவது கதவு கிடையாது. நமக்கு இருப்பதும் 14 நாள், எங்கள் வீட்டில் அதில் பாதி அழுகையில் போய்விட்டது. எப்படியோ பன்னிரண்டாம் நாள் மனு உள்ளே போனது. அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து கேட்கத் தொடங்கியதால் இதை எழுதி வைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. கோர்ட் படியும் ஜெயில் வாசலும் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதும், தெரிந்தவர்களிடம் சரிபார்த்துக்கொண்டதும்தான் இது.

முதல் வேலை, தண்டனை கொடுத்தது எந்த நீதிமன்றம் என்று சரியாகத் தெரிந்துகொள்வது. சிரிக்காதீர்கள், "ஹட்டன் கோர்ட்ல தீர்ப்பாகிருச்சு" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத குடும்பங்கள் நிறைய. நீதவான் நீதிமன்றம் கொடுத்த தண்டனை என்றால் மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கம் மத்திய மாகாணம், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஊவா. மேல் நீதிமன்றமே விசாரித்துக் கொடுத்த தண்டனை என்றால் அது கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் இரண்டிலும் மனுவைக் கொடுக்கும் இடம் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகம்தான், மனுவோடு நேரே கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. ஒருவர் நுவரெலியா தீர்ப்புக்கான மனுவைத் தூக்கிக்கொண்டு புதுக்கடைக்குப் போய் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வழக்கு இலக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. பிடித்த புதிதில் பொலிஸ் நீதவானுக்குக் கொடுத்த முதல் அறிக்கையான பீ அறிக்கையின் இலக்கத்தைத்தான் அநேகமாக எல்லா அம்மாக்களும் துண்டுக் கடதாசியில் எழுதி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனதும் அதற்கு வேறு இலக்கம் விழும். தேவை அந்த இலக்கம். குற்றப்பத்திரிகையில் இருக்கும், இல்லாவிட்டால் பதிவாளர் அலுவலகத்தில் பெயரும் தீர்ப்புத் திகதியும் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

14 நாளை எப்படி எண்ணுவது? தீர்ப்பு நாளே முதல் நாள். ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் சேராது என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது, அதனால் இடையில் போயாவும் ஞாயிறும் வந்தால் கொஞ்சம் கூடுதல் நாள் கிடைக்கும். ஆனால் அந்தக் கூடுதலை நம்பி இருக்காதீர்கள். கலண்டரில் நேராக 14 எண்ணி, அதில் பத்தாவது நாளைச் சிவப்பில் வட்டம் போட்டு, அதுதான் கடைசி நாள் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். மழைக்கு ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடாத நாள் நம் பக்கத்தில் எப்போது வரும் என்று யார் கண்டது.

சரி, சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை, 14 நாளில் புரட்டவும் முடியாது என்றால் என்ன செய்வது? மலையகத்தில் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டிய வழி ஒன்று இருக்கிறது, அநேகம் பேருக்குத் தெரியாததும் அதுதான். சிறைக்குள் இருப்பவர் தானே ஜெயிலரிடம், நான் மேன்முறையீடு செய்ய விரும்புகிறேன், காரணம் இன்னின்னது என்று அந்த 14 நாளுக்குள் சொன்னால் போதும். அதை மனுவாக எழுதி உரிய நீதிமன்றத்தில் சேர்ப்பது ஜெயிலரின் கடமை. அதே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத் தண்டனைக்கு 320ஆம் பிரிவு, மேல் நீதிமன்றத் தண்டனைக்கு 331ஆம் பிரிவு. யாருடைய தயவும் இல்லை, சட்டத்தில் "கடமை" என்றே இருக்கிறது. அதனால் தீர்ப்பு முடிந்து பஸ்ஸில் ஏற்றும்போது அழுதுகொண்டே கையைப் பிடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில், "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு சேர்த்து, "போன உடனே ஜெயிலரிடம் அப்பீல் என்று சொல்" என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வாயால் சொல்லிவிட்டு விட்டால் நடுவில் எங்கேயாவது மறந்துபோகும். ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது, தமிழிலேயே எழுதலாம். எங்கள் பையன் எழுதியது கிட்டத்தட்ட இப்படி: "இன்ன பெயருடைய நான், இன்ன மேல் நீதிமன்றத்தின் இன்ன இலக்க வழக்கில், இன்ன திகதியில் குற்றவாளியாகக் காணப்பட்டு இத்தனை வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவன். அந்தக் குற்றத்தீர்ப்புக்கும் தண்டனைக்கும் எதிராக மேன்முறையீடு செய்ய விரும்புகிறேன். சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரணாகச் சொன்னதை நீதிமன்றம் கவனத்தில் எடுக்கவில்லை. சம்பவம் திடீரென்று ஏற்பட்ட சண்டையில் நடந்தது. விதித்த தண்டனை மிக அதிகம். மேலும் காரணங்களை வழக்கேட்டின் பிரதி கிடைத்த பின் சட்டத்தரணி மூலம் முன்வைக்க அனுமதி கேட்கிறேன்." கீழே கையெழுத்து, கைதி இலக்கம், திகதி. "குற்றத்தீர்ப்புக்கும் தண்டனைக்கும்" என்று இரண்டையும் எழுத வேண்டும். தண்டனை கூடிப்போச்சு என்று மட்டும் எழுதினால், குற்றம் செய்ததை நீங்களே ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கடைசி வரி பிறகு வரும் சட்டத்தரணிக்கு மூச்சு விட இடம் கொடுக்கும்.

கொடுத்ததற்கு ஒரு அடையாளம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், எந்தப் புத்தகத்தில் பதிந்தார்கள், என்ன திகதி என்றாவது. நலன்புரி அதிகாரியிடம் சொன்னால் பல நேரம் அவர் உதவுவார். போகம்பறைச் சிறை 2014இல் மூடப்பட்டு பல்லேகலைக்குப் போனதிலிருந்து நம் ஆட்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள், தோட்டத்திலிருந்து போய்ப் பார்க்க ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். என்றாலும் அந்த முதல் இரண்டு வாரத்தில் ஒரு தடவையாவது போங்கள். போய் வந்த பிறகு தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில், சிறையிலிருந்து மனு வந்து சேர்ந்ததா என்று நேரில் கேளுங்கள். வரவில்லை என்றால் இன்னும் நாள் இருக்கும்போதே தெரிந்துவிடும், நாமே ஒன்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். மனுவில் அவர் அல்லது அவருடைய சட்டத்தரணிதான் கையெழுத்திட வேண்டும், அம்மா போட்டால் செல்லாது. சட்டப் பிரச்சினை ஒன்றை எழுப்புவதானால் அது வாதிடத் தகுந்த கேள்விதான் என்று சட்டத்தரணியின் சான்றும் வேண்டும், அதனால் முடிந்தவர்கள் சட்டத்தரணி மூலம் போவதே மேல்.

சட்டத்தரணிக்கு வழியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. நீதிமன்றத்தில் கேட்டால் பக்கத்து நிலையம் எங்கே என்று காட்டுவார்கள். சம்பளச் சிட்டை, கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, வழக்கு இலக்கம், இவ்வளவையும் ஒரே தடவையில் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் "அதைக் கொண்டு வாங்க, இதைக் கொண்டு வாங்க" என்றே மூன்று நாள் பேர் போகும். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் யாரும் ஆஜராகாத கைதிக்கு நீதிமன்றமே ஒரு சட்டத்தரணியை நியமிப்பதும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த சட்டம், தண்டனை பெற்ற எவருக்கும் தண்டித்த நீதிமன்றத்துக்கு மேலே உள்ள நீதிமன்றம் ஒன்றில் முறையிடும் உரிமை உண்டு என்கிறது, வசதியில்லாதவருக்கு நீதியின் பொருட்டுத் தேவைப்படும் இடத்தில் இலவசச் சட்ட உதவி என்றும் சொல்கிறது. கோர்ட் வாசலில் "நான் பேசி முடிச்சுத் தாரேன்" என்று வருகிறவர்களிடம் மட்டும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எங்களிடமும் ஒருவர் வாங்கினார். அவர் யார் என்று இன்றுவரை கோர்ட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பிணை விஷயத்தில் இரண்டு நீதிமன்றத்துக்கும் பெரிய வித்தியாசம். நீதவான் தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு போட்டால் பொதுவாகப் பிணையில் வெளியே வந்துவிடலாம். பிரச்சினை பிணையாளி. லயத்தில் இருக்கும் நம்மில் யார் பெயரில் உறுதிக் காணி இருக்கிறது? அதனால் நிரந்தரச் சம்பளமுள்ள ஒருவரை, தோட்டத்திலோ அரசாங்கத்திலோ வேலை செய்யும் சொந்தக்காரரை முன்கூட்டியே பிடித்து வைத்து, அவருடைய வதிவிடச் சான்றிதழைக் கிராம சேவகரிடம் வாங்கி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மேல் நீதிமன்றத் தண்டனை என்றால் கதை வேறு, அங்கே மேன்முறையீட்டுக் காலத்தில் பிணை உரிமை இல்லை, விசேட சூழ்நிலை காட்ட வேண்டும். "வீட்டில் கஷ்டம், பிள்ளைகள் சின்னது" என்பது மட்டும் அதற்குப் போதாது. கடும் நோய், மேன்முறையீடு வெல்வதற்குத் தெளிவாகத் தெரியும் காரணம், மிக நீண்ட தாமதம் இந்த மாதிரி ஏதாவது ஆதாரத்தோடு வேண்டும்.

இனி நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம். மேல் நீதிமன்றத் தண்டனைக்கு மேன்முறையீடு போட்டுவிட்டு உள்ளேயே இருப்பவர், மேன்முறையீட்டுக் கைதியாகத் தனியாக நடத்தப்படுவார். அப்படி இருக்கும் காலம், நீதிமன்றம் வேறு மாதிரிக் கட்டளையிட்டாலொழிய, தண்டனைக் காலத்தில் சேராது என்று 333ஆம் பிரிவு சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், ஐந்து வருடத் தண்டனை, மேன்முறையீடு முடிய நாலு வருடம், தோற்றுப்போனால் மறுபடி முதலிலிருந்தா? நடைமுறையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பல தீர்ப்புகளில், தண்டனை மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்த திகதியிலிருந்தே நடைமுறைக்கு வரும் என்று கட்டளையிடுகிறது. ஆனால் அது தானாக வருவதில்லை, யாராவது எழுந்து நின்று கேட்க வேண்டும். உங்கள் சட்டத்தரணி யாராக இருந்தாலும், வழக்கு எடுக்கப்படும் நாளில் "தோற்றாலும் தண்டனையைத் தீர்ப்பு நாளிலிருந்து கணக்கிடக் கேளுங்கள் சேர்" என்று ஞாபகப்படுத்துங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதனாலேயே சின்னத் தண்டனைக்கு மேன்முறையீடு போடுமுன் ஒருமுறை நன்றாக யோசிக்கச் சொல்வேன். மேல் நீதிமன்றம் ஒன்றரை வருடம் கொடுத்திருக்கிறது, பிணையும் கிடைக்காது என்றால், மனு கொழும்பில் வரிசைக்கு வருவதற்குள் அந்த ஒன்றரை வருடத்தைவிடக் கூடுதல் காலம், தண்டனைக் கணக்கில் சேராமலே, உள்ளே கழிந்துவிடலாம். இன்னொன்று, தண்டனையை எதிர்த்துப் போனால் நீதிமன்றம் அதைக் குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு வருடமோ அதற்குக் குறைவோ ஆன தண்டனை, கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை இல்லாத குற்றம் என்றால், ஒத்திவைத்த, அதாவது உடனே உள்ளே போகத் தேவையில்லாத, சிறைத்தண்டனையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது பல நேரம் குற்றமே செய்யவில்லை என்று வாதாடுவதைவிடப் பலன் தரும். இதைச் சட்டத்தரணியோடு உட்கார்ந்து பேச வேண்டும், ஊர்க் கூட்டத்தில் முடிவெடுக்கக் கூடாது.

காரணங்களுக்கு வருவோம். "அவன் நல்ல பையன்" என்பது மேன்முறையீட்டுக் காரணம் இல்லை. மேல் நீதிமன்றத் தீர்ப்பை மேன்முறையீட்டு நீதிமன்றம் கலைக்க வேண்டுமென்றால், சாட்சியங்களைப் பார்க்கும்போது அந்த முடிவு நியாயமற்றது, அல்லது சட்டத்தைப் பிழையாகப் பிரயோகித்திருக்கிறார்கள், அல்லது நீதி தவறிவிட்டது என்று காட்ட வேண்டும். சின்னத் தவறு இருந்தும் நீதி பெரிதாகத் தவறவில்லை என்று நினைத்தால் மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். போதைப்பொருள் வழக்குகளில் அடிக்கடி வாதாடப்படுவது, பிடித்த பொருள் பொலிஸ் கையிலிருந்து அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் கைக்குப் போன பாதை. யார் முத்திரையிட்டார், யார் பாரமெடுத்தார், இடையில் எங்கே வைக்கப்பட்டது, பொலிஸ் நிறுத்த எடைக்கும் அங்கே நிறுத்த எடைக்கும் ஏன் வித்தியாசம். இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் முழு வழக்கும் ஆடும். கொலை வழக்குகளில் அநேகமாகக் கேட்கப்படுவது, திடீர்ச் சண்டையிலோ கடும் ஆத்திரமூட்டலிலோ நடந்தது என்று காட்டி, கொலைக்குப் பதிலாகக் கொலையாகாத மனிதக் கொலை என்று மாற்றுவது. முதலாவதுக்கு மரண தண்டனை, 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை என்றாலும் வருடக்கணக்கில் உள்ளேதான். இரண்டாவதுக்கு அதிகபட்சம் இருபது வருடம். தேர்த்திருவிழாவில், கல்யாண வீட்டில், சம்பள நாள் சாராயத்தில் தொடங்கி நடந்த சம்பவங்களுக்கு இந்த வித்தியாசம் வாழ்க்கையையே மாற்றும்.

பதினாறு வயது ஆகாத பிள்ளையோடு ஓடிப்போன பத்தொன்பது வயதுப் பையன்களின் வழக்கும் நம் பக்கத்தில் குறைவில்லை. உடலுறவு நடந்திருந்தால், சம்மதம் இருந்தாலும் அது பாலியல் வன்புணர்வுதான், சட்டம் அப்படித்தான், பிள்ளையின் வயதைப் பார்த்தால் அதுதான் சரியும். தண்டனை மட்டும் பேசக்கூடியது. சட்டத்தில் பத்து வருடக் குறைந்தபட்சம் இருந்தாலும், பொருத்தமான வழக்கில் அதற்குக் குறைவாகக் கொடுக்க மேல் நீதிமன்றத்துக்குத் தடையில்லை என்று நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் சட்ட விளக்கம் கேட்டு அனுப்பிய 2008ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க வழிகாட்டல் கோரிக்கையில் முடிவு சொல்லியிருக்கிறது. சட்டத்தரணிக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சொல்லுங்கள்.

மொழிதான் மலையகத்தின் தனிக் காரணம், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்க நீதிமன்றங்களில் விசாரணை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, அந்த மொழி தெரியாத தரப்பினருக்கு அரசாங்கமே மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும், வழக்கேட்டின் பகுதிகளைத் தமிழில் கேட்டாலும் தர வேண்டும் என்கிறது. இது உரிமை. ஆனால் "எனக்குச் சிங்களம் தெரியாது, ஒன்றும் விளங்கவில்லை" என்று பொதுவாக எழுதிவிட்டால் நீதிமன்றம் அசையாது. எந்தத் திகதியில், எந்தச் சாட்சி பேசியபோது மொழிபெயர்ப்பாளர் இல்லை, வழக்கேட்டில் அன்றைய பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறதா இல்லையா, அன்று உங்கள் சட்டத்தரணி ஆட்சேபித்தாரா, அதனால் என்ன கேள்வி கேட்கப்படாமல் போனது, இப்படிக் குறிப்பாகக் காட்ட வேண்டும். விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: மொழிபெயர்ப்பாளர் வராத நாளில் கூண்டில் நிற்பவர் கையை உயர்த்தி "விளங்கவில்லை" என்று சொன்னால் அது பதிவாகும், அந்த ஒரு வரி பிறகு பொன்.

பொலிஸில் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமலேயே கையெழுத்து வாங்கிய வாக்குமூலங்களைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் பேசுவார்கள். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சான்றாகப் பயன்படுத்தவே முடியாது, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அதனால் அதிலேயே முட்டிக்கொண்டிராமல், அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஏதாவது பொருளைக் கண்டெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள், ஓட்டை அங்கே இருக்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு என்றால் விதிகள் வேறு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை அங்கே ஏற்பார்கள். அதற்கு அந்த வழக்குகளில் பழகிய சட்டத்தரணியேதான் வேண்டும்.

நீதவான் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டவர்களுக்கு என்ன வழி? "ஏத்துக்க, தண்டம் கட்டிட்டுப் போயிரலாம்" என்று யாரோ காதில் சொன்னதைக் கேட்டு ஏற்றுக்கொண்டு, தண்டத்துக்குப் பதில் சிறை விழுந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். ஒப்புக்கொண்டால் மேன்முறையீட்டு வாசல் மிகவும் குறுகிவிடும், பெரும்பாலும் மீளாய்வு மனுதான் வழி, சட்டத்தரணிகள் ரிவிஷன் என்பார்கள். அதற்கு 14 நாள் போலக் கெடு கிடையாது, ஆனால் அது நீதிமன்றம் விரும்பினால் மட்டும் தலையிடும் வழி. அசாதாரண சூழ்நிலை காட்ட வேண்டும், தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், கைசுத்தமாக வர வேண்டும். 14 நாளைத் தவறவிட்டவர்களுக்கும் இதுதான் மிஞ்சியிருக்கும் வழி, தவறியதற்குச் சத்தியக் கடதாசியில் உண்மையான காரணம் எழுத வேண்டும். "தெரியாது" என்பதைவிட, "இன்ன திகதியில் ஜெயிலரிடம் சொன்னேன், மனு போகவில்லை" என்பதற்கு எவ்வளவு பலம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆள் இல்லாமலேயே தீர்ப்பான வழக்குகள். பக்கத்து டிவிஷன் பையன் ஒருவன் வழக்கு நடக்கும்போது கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். அறிவித்தல் தோட்டத்து ஒபீஸுக்கு வந்து அங்கேயே கிடந்தது, லயத்து முகவரியின் கதி அதுதான். மேல் நீதிமன்றம் அவன் இல்லாமலே விசாரித்துத் தண்டனை கொடுத்து, மூன்று வருடம் கழித்துப் பிடித்தார்கள். இப்படிப்பட்டவர் முதலில் போக வேண்டியது தண்டித்த அதே மேல் நீதிமன்றத்துக்கு. வராததற்கு நேர்மையான காரணம் இருந்தது என்று 241ஆம் பிரிவின் கீழ் அங்கே காட்டினால், விசாரணையில் அவருக்காகச் சட்டத்தரணி எவரும் வாதாடியிருக்காவிட்டால், தீர்ப்பையும் தண்டனையையும் நீக்கிப் புதிதாக விசாரிக்க வேண்டும். சட்டத்தரணி ஆஜராகியிருந்தால் அந்தச் சலுகை இல்லை. வேலை செய்த கடையின் கடிதம், சம்பளப் பதிவு, வெளிநாட்டில் இருந்திருந்தால் கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கங்கள், இவைதான் அங்கே பேசும்.

அடிப்படை உரிமை மீறல் மனு போடலாமே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அது நிர்வாகத்துக்கு எதிரானது, ஒரு மாதத்துக்குள் போட வேண்டியது, நீதிமன்றத் தீர்ப்பை அதால் கலைக்க முடியாது. பொலிஸ் அடித்தது வேறு விஷயம், அதற்கு அது சரி. தண்டனைக்கு மேன்முறையீடுதான் போட வேண்டும்.

மனு ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு நீண்ட அமைதி வரும். வழக்கேட்டைத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, கொழும்புக்கு அனுப்பி, அங்கே பிரதிகள் எடுத்து வரிசையில் போடுவதற்குள் வருடங்கள் போகும். இந்த நேரத்தில் சும்மா இருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேல் நீதிமன்றத்தில் வழக்கேடு அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள், அனுப்பினால் மேன்முறையீட்டு நீதிமன்ற இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள், அது மூன்றாவது இலக்கம். அந்த நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் தினசரி வழக்குப் பட்டியலும் தீர்ப்புகளும் வருகின்றன, ஆங்கிலத்தில்தான், படித்த பிள்ளை ஒன்றை வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பிணையில் இருப்பவர் முகவரி மாறினால் எழுதிக் கொடுக்காமல் விடக் கூடாது, தவணைக்கு வராவிட்டால் மனுவே தள்ளுபடியாகலாம். தோட்டத்து ஒபீஸ் முகவரியோடு, டவுணில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் முகவரியையும் கொடுத்து வைப்பது நல்லது.

கடதாசிகளை ஒரே பைலில் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, கூரை ஒழுகாத மூலையில் வையுங்கள். எங்கள் குற்றப்பத்திரிகையின் பாதி ஒரு ஜூன் மாத மழையில் கரைந்து போய், அதற்கே மறுபடி பணம் கட்டிப் பிரதி எடுத்தோம்.

தீர்ப்பு நாளில் கொழும்புக்குப் போகிறவர்கள் முதல் நாள் இரவே பஸ் ஏறிவிடுங்கள், காலை ஒன்பதுக்கு முன் புதுக்கடையில் நிற்க வேண்டும். அங்கே நடப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில், சில நேரம் கைதியைச் சிறையிலிருந்து காணொளியில்தான் காட்டுவார்கள். கிடைக்கக்கூடிய முடிவுகள் விடுதலை, மறுவிசாரணை, குறைந்த குற்றம், குறைந்த தண்டனை, அல்லது தள்ளுபடி. எங்கள் பையனுக்குக் கிடைத்தது நாலாவது, அதோடு தீர்ப்பு நாளிலிருந்து கணக்கு என்ற அந்த ஒரு வரியும். அக்காவுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, சட்டத்தரணி திரும்பிப் பார்த்து விரலை மடக்கி வருடத்தைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டாள். தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்திடம் விசேட அனுமதி கேட்க ஆறு வாரம் இருக்கிறது, அதற்குத் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும், அதற்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்து, கட்டணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுங்கள்.